ஙொய்ங்குற கம்பிக்கு ஒரு யோசனை

தம்பி, எடமலைப்பட்டி புதூர்ல மாடிக்குக் கிராண்ட் பியானோவை ஏத்தின மகராசன் நீ ஒருத்தன்தான். நல்லா இருப்பா. இப்ப அது ஙொய்ங்குதுன்னு எங்கிட்ட வந்து நிக்கிற. பொன்மலை ஒர்க்‌ஷாப்புல ரயில்பொட்டிக்கு போல்ட் முடுக்கின ஆளு நானு. பரவால்ல, இரும்புதானே, சொல்றேன்.

மொதல்ல அது மேல வச்சிருக்க குத்துவிளக்கு, கல்யாண போட்டோ, பேத்தி வாங்கின கப்பு எல்லாத்தையும் எறக்கு. ஜன்னலைச் சாத்து. சில சுரத்துக்குக் கண்ணாடியே ஒத்து ஊதும். அப்புறம் டார்ச் அடிச்சு உள்ள பாரு. பலகையில கொண்டை ஊசி கெடந்தா அதுவும் கச்சேரி பண்ணும்.

அப்பவும் கத்துதா? 88 கட்டைக்குச் சுமார் 230 கம்பி. பேத்தியை ஙொய்ங்குற கட்டையைத் தட்டச் சொல்லிட்டு, நீ ஒரு துண்டு கம்பளித்துணியால சுத்துப்பட்டுக் கம்பியை ஒவ்வொண்ணா லேசா தொட்டுப் பாரு. வெறும் விரலு வேண்டாம், வேர்வை பட்டா துருப்பிடிக்கும். எங்க தொட்டா வாயை மூடுதோ அங்க இருக்கான் கள்ளன். பெரும்பாலும் கம்பியைத் தாங்குற குதிரைக்கு அந்தப் பக்கம், கொக்கி வரைக்கும் மிச்சம் நிக்குற கம்பிதான். அதுல பின்னின துணிப்பட்டை நழுவியிருக்கும். ஆனா மேல்ஸ்தாயியில பட்டையே இல்லைன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போகாத. அந்த மிச்சமும் கூடச் சேர்ந்து பாடட்டும்னு ஸ்டெய்ன்வே கம்பெனி 1872லயே காப்புரிமை வாங்கி வச்சிருக்கு.

நம்ம ஊரு சித்திரை வெயில்ல மரம் சுருங்கும், குதிரையில அடிச்ச ஆணி தளரும், சத்தம் அலையடிக்கும். ஸ்க்ரூடிரைவரால ஆணியைப் பக்கவாட்டுல அழுத்திக்கிட்டே தட்டச் சொல்லு. அந்த அலை நின்னா குத்தம் ஆணிமேல. மந்தரக் கம்பின்னா, சுத்தின செம்பு தளர்ந்திருக்கும். டியூனர் அதைக் கழட்டி, சுத்தின பக்கமாவே ஒரு முறுக்கு குடுத்து மாட்டுவாரு.

சீரங்கத்துல பாட்டு சொல்லித்தர்ற வீட்டுல போய்ப் பாரு. அங்க ஙொய்ங்கலைன்னாத்தான் கவலை. தம்பூரா கம்பிக்கும் குதிரைக்கும் நடுவுல நூலைச் சொருகி, முன்ன பின்ன நகட்டி, ஜீவா வந்துடுச்சுன்னு பூரிச்சுப் போவாங்க. உனக்கு லட்சக்கணக்குல குடுத்து வாங்கினதோட ஜீவா இனாமா வந்திருக்கு, அதைத் தொரத்த ஆள் தேடுற!

முறுக்காணிப் பக்கம் மட்டும் போயிடாத. மொத்தக் கம்பியும் சேர்ந்து இழுக்குறது ஏறக்குறைய 20 டன்னு. டியூனர் வர்ற வரைக்கும் முறுக்காணியைத் திருகுற சாவியை உம் பொண்டாட்டிகிட்ட குடுத்து வை. நீ கெஞ்சினாலும் தராது.