கோபப் பட்டியல், திருத்திய பதிப்பு

சினம் தவிர்த்தல் பயிற்சிக்கு வருகிறவர்களை முதலில் ஒரு பட்டியல் போடச் சொல்வார்கள். யார் யார் மீது அடிக்கடி கோபம் வருகிறது, எதனால் வருகிறது, அதில் நம் பங்கு எவ்வளவு என்று எழுத வேண்டும். பிறகு, கோபம் குறைவாக வருகிற ஆளிடமிருந்து தொடங்கி, 'இவரிடம் இனிச் சினம் கொள்ள மாட்டேன்' என்று சங்கல்பம் செய்து, அவரை மனதார வாழ்த்தி, ஒவ்வொருவராக மேலே ஏறிப் போக வேண்டும். எங்கள் மனவளக்கலை மன்றத்தில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வேதாத்திரி மகரிஷியின் அகத்தாய்வில் இது ஒரு பாடம். எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல் என்று போய் 'நான் யார்' என்பதில் முடியும் வரிசை அது. எண்ணத்தையும் ஆசையையும் ஒரு மாதிரி ஒப்பேற்றிவிட்டேன். சினத்துக்கு வந்ததும் பேனா நிற்கவில்லை.

உத்தியோக தோஷம் என்று சொல்லலாம். நான் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பஞ்சாயத்து, பேரூராட்சிக் கணக்குகளைப் பார்த்துத் தணிக்கைத் தடை எழுதுவது வேலை. தெருவிளக்கு பல்பு வாங்கிய பற்றுச்சீட்டில் தேதி இல்லை, வாங்கிய பல்பு இருப்புப் பதிவேட்டில் ஏறவில்லை, ஏறிய பல்பு எந்தக் கம்பத்தில் எரிகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்று எழுதியெழுதியே தலை நரைத்தவன். அப்படிப்பட்ட ஆளிடம் வெள்ளைத்தாளைக் கொடுத்து, உன்னைக் கோபப்படுத்துகிறவர்களை எழுது என்று சொன்னால்? பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் மூன்று நான்கு பெயரோடு முடித்துவிட்டுப் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்க, நான் கூடுதல் தாள் கேட்டு வாங்கினேன்.

பக்கத்து வீட்டுக்காரர்: சுற்றுச்சுவரை ஒட்டி முருங்கை வைத்தது, கம்பளிப்பூச்சி நம் பக்கம், காய் அவர் பக்கம். மைத்துனர்: வீடு கட்டும்போது வாங்கிய கைமாற்று, நாளது வரை நிலுவை. சம்பந்தி: சீர்த்தட்டு விஷயமாகப் பேசிய பேச்சு, சாட்சிகள் இருவர். இஸ்திரிக்காரர்: சட்டைக் காலரில் இரட்டை மடிப்பு, பலமுறை அறிவுறுத்தியும் திருத்திக்கொள்ளவில்லை. இப்படியே போனது. 'நம் பங்கு' என்ற பத்தியில் வரிசையாக 'இல்லை' என்று போட்டிருந்தேன். மைத்துனருக்கு நேராக மட்டும் 'பொறுத்துக்கொண்டது' என்று எழுதியிருந்தேன்.

வகுப்பு எடுத்த அம்மா பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, சிரிக்காமல் சொன்னார்: "ஐயா, இதுல ஊரே இருக்குதுங்க. நீங்க மட்டும் எங்கயுமே காணோமுங்களே. மூணாவது பத்தியை மறுபடி எழுதிட்டு வாங்க. வாழ்க வளமுடன்."

மகரிஷி 1911-ல் கூடுவாஞ்சேரியில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். தறியில் உட்கார்ந்த மனிதர் என்பதாலோ என்னவோ, அவர் பாடங்கள் எல்லாம் வாழ்க்கைச் சிக்கலை இழை இழையாகப் பிரிக்கச் சொல்கின்றன. 1958-ல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, 1984-ல் ஆழியாறில் அறிவுத் திருக்கோயிலை நிறுவினார். குடும்பத்தை விட்டு ஓடிப்போகச் சொல்லாத துறவு என்பதால்தான் எங்கள் பக்கம் கடைக்காரர், பனியன் கம்பெனிக்காரர், ஓய்வு பெற்ற வாத்தியார் எல்லாரும் அங்கே போகிறார்கள். நானும் அதை நம்பித்தான் போனேன். குடும்பத்தை விடவேண்டாம் என்றார்களே தவிர, குடும்பத்தின் மீது எழுதிய தடைகளையும் விட வேண்டியிருக்கும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

சரி, பயிற்சி. கோபம் குறைவாக வரும் ஆள் இஸ்திரிக்காரர். காலையில் தவம் முடிந்ததும் அவர் முகத்தை மனதில் நிறுத்தி, அவரும் அவர் குடும்பமும் அருட்பேராற்றல் கருணையினால் உடல் நலம், நீள் ஆயுள், நிறை செல்வம் பெற்று வாழ வாழ்த்தினேன். நிஜமாகவே மனம் லேசானது. எனக்கே என் மீது மரியாதை வந்தது. அந்த வாரக் கடைசியில் அவர் கொண்டுவந்து கொடுத்த உருப்படியில், கல்யாணத்துக்குப் போட எடுத்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் பையடியில் பழுப்பாகப் பெட்டியின் முனை பதிந்திருந்தது. சங்கல்பம் நினைவுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "வாழ்க வளமுடன்" என்றேன்.

அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். "ஏனுங் சார், திட்டோணும்னா நேராத் திட்டிப்போடுங்க. இந்த மாதிரியெல்லாம் பேசாதீங்க" என்றார்.

அந்த இரண்டு சொல்லை அவ்வளவு கொடூரமாக உச்சரிக்க முடியும் என்று எனக்கும் அதுவரை தெரியாது.

தவத்தில் உட்காருவதைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆசிரியர் புருவமத்தியில் விரலால் தொட்டு ஆக்கினைத் தீட்சை கொடுத்தபோது, அந்த இடத்தில் ஊர்கிற மாதிரி ஓர் உணர்வு வந்தது உண்மை. அதன் மேல் மனத்தை நிறுத்தச் சொன்னார்கள். என் மனம் அங்கே நின்றது; நின்று, பக்கத்தில் இருப்பவருக்கும் இதே அளவு வருகிறதா, கொஞ்சம் குறைவாக வருகிறதா என்று விசாரித்தது. மன அலைச்சுழலைப் பற்றியும் பாடம் உண்டு. சாதாரணமாக வினாடிக்கு 14 முதல் 40 வரை ஓடுகிற அலை, தவத்தில் 8-க்கும் 13-க்கும் இடையே ஆல்பாவுக்கு இறங்கி, பிறகு தீட்டாவுக்கும், இன்னும் பழகப் பழக 1 முதல் 3 வரையான டெல்டாவுக்கும் போகும் என்பார்கள். துரியாதீதத் தவத்தில் ஒருநாள் நான் ஏறக்குறைய உடனே அங்கே போய்ச் சேர்ந்தேன். பக்கத்தில் இருந்தவர் முழங்கையால் இடித்தபோதுதான் திரும்பி வந்தேன். ஆழ்ந்த தூக்கத்திலும் மூளையில் ஓடுவது டெல்டா அலைதான் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டு கொஞ்சம் ஆறுதல் அடைந்தேன். குறட்டைக்குத்தான் விளக்கம் கிடைக்கவில்லை.

மௌன முகாம் ஒன்றுக்கும் போனேன். பேசக்கூடாது, செய்தித்தாள் இல்லை, செல்போன் இல்லை. நான் ஒரு சொல்கூடப் பேசவில்லை. ஆனால் யார் பேசினார்கள் என்பது அத்தனையும் எனக்குத் தெரியும். தட்டு கழுவும் இடத்தில் இருவர் முணுமுணுத்தது, ஒருவர் வேப்பமரத்துக்குப் பின்னால் போய்ப் போனை எடுத்தது, இன்னொருவர் ரசம் வேண்டாம் என்பதைக் கையால் காட்டாமல் வாயால் சொன்னது. உள்ளே திரும்பிப் பார்க்கக் கிடைத்த நேரத்தில் முகாம் முழுவதையும் தணிக்கை செய்து முடித்துவிட்டேன். அறிக்கையை யாரிடம் கொடுப்பது என்பதுதான் கடைசிவரை புரியாமல் இருந்தது.

'நான் யார்' பாடத்துக்கு வந்தபோது கொஞ்சம் தெம்பு இருந்தது. காரணம், திருவண்ணாமலை ரமணரிடம் இந்தக் கேள்வியோடு போனவரும் நம்மைப் போல அரசாங்க உத்தியோகஸ்தர்தான். சிவப்பிரகாசம் பிள்ளை, வருவாய்த் துறைக்காரர். 1902 வாக்கில் அவர் விருபாட்சி குகையில் கேட்கக் கேட்க, அப்போது பேசாமல் இருந்த ரமணர் எழுத்திலேயே பதில் சொன்னார். அதுதான் இருபது வருஷத்துக்குப் பிறகு 'நான் யார்?' என்ற சிறு நூலாக வந்தது. எண்ணம் எது எழுந்தாலும் அதைப் பின்தொடராமல், இது யாருக்கு எழுந்தது என்று கேள். எனக்கு என்று பதில் வரும். அந்த நான் யார் என்று பார் என்பது அதன் சாரம். சிவப்பிரகாசம் பிள்ளை வேலையை விட்டுவிட்டு அந்த வழியிலேயே போய்விட்டார்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து நானும் கேட்டுப் பார்த்தேன். எண்ணம் எழுந்தது: முருங்கைக் கிளை இன்னும் ஓர் அடி இந்தப் பக்கம் வந்துவிட்டது. யாருக்கு எழுந்தது? எனக்கு. நான் யார்? உடனே, கொஞ்சமும் தயங்காமல், இனிஷியலோடு பெயர், கடைசியாக வகித்த பதவி, ஓய்வூதியக் கொடுப்பாணை எண், இந்த மனையின் சர்வே எண், அதில் சுற்றுச்சுவர் யாருடையது என்ற விவரம் எல்லாம் வந்து வரிசையில் நின்றன. கிளையை வெட்டச் சொல்லி மனு எழுதத் தேவையான அத்தனையும் இருந்தது. கேள்வி கேட்டவர் பதில் கிடைத்த திருப்தியில் கீழே இறங்கி வந்துவிட்டார்.

இதையெல்லாம்விட மோசமான காரியம் ஒன்று நடந்தது. அந்த அம்மா சொன்னபடி மூன்றாவது பத்தியைத் திருத்தி எழுத ஆரம்பித்தேன் அல்லவா, அதில் ருசி கண்டுவிட்டேன். பேராசை, சினம், கடும்பற்று, முறையற்ற பால்கவர்ச்சி, உயர்வு தாழ்வு மனப்பான்மை, வஞ்சம் என்று அறுகுணங்களைத் தலைப்பாகப் போட்டு, எனக்குள் என்னென்ன இருக்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதினேன். நான்காவது தலைப்பின் கீழ் 'குறிப்பிடும்படி இல்லை' என்று மட்டும் போட்டேன். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாண வீடு, காதுகுத்து, துக்க வீடு, எங்கே போனாலும் அதைப் பேச ஆரம்பித்தேன். "நான் ரொம்ப ஈகோ பிடிச்ச ஆளுங்க" என்று சொல்லிவிட்டு நிறுத்துவேன். எதிரே இருப்பவர், "சேச்சே, நீங்களா? உங்களை மாதிரித் தங்கமான மனுஷன்..." என்று தொடங்குவதற்கான இடைவெளி அது. பெரும்பாலும் தொடங்கிவிடுவார்கள். ஒரு வளைகாப்பு வீட்டில் மைத்துனரிடம் அதே வசனத்தைச் சொன்னேன். அவர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே, "ஆமாங்க மச்சான், அக்கா ரொம்பத்தான் சிரமப்பட்டுப்போச்சு" என்றார்.

சிரமப்பட்டு வாழ்த்தி வாழ்த்திப் பட்டியலிலிருந்து அடித்திருந்த பெயர் அது. அன்று ராத்திரியே, கைமாற்றுத் தொகைக்கு இன்றைய தேதி வரை வட்டி போட்டு, முதலிடத்தில் சேர்த்தேன்.

குறையைச் சொல்லிக்கொள்வதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. கோபக்காரன், ஈகோ பிடித்தவன் என்பதெல்லாம் ஆண்பிள்ளைக்கு அவ்வளவு இழுக்கில்லை, கொஞ்சம் கம்பீரம்கூட. வட்டி போட்டுப் பார்த்தேன் என்பதை இந்தப் பத்தி வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. இதையும் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று தெரிந்துதானே எழுதுகிறேன். சிரிக்கமாட்டார்கள் என்று தெரிந்தவை இன்னும் நோட்டில்கூட ஏறவில்லை.

மகரிஷி தன் துணைவியார் லோகாம்பாளின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30-ஐ மனைவி நல வேட்பு நாளாகக் கொண்டாட வைத்தார். தம்பதிகள் எதிரெதிரே உட்கார, கணவன் மனைவிக்கு மலர் கொடுப்பான், மனைவி கணவனுக்குக் கனி கொடுப்பாள், ஒருவரை ஒருவர் பார்த்து வாழ்த்திக்கொள்வார்கள். எங்கள் மன்றத்திலும் வைத்தார்கள், வீட்டம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். சுற்றிலும் பலர் கண் கலங்கினார்கள். என் மனைவி சாத்துக்குடியை நீட்டியபடி என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரோஜாவை நீட்டியபடி, வாசலில் பூக்காரி சில்லறை குறைத்துவிட்டாளோ என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். "மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதுங்க" என்று பஸ்ஸில் சொன்னார். எது தெரிகிறது என்று நான் கேட்கவில்லை.

அந்த நிகழ்ச்சி பிடித்துப்போய் அவரும் அகத்தாய்வில் சேர்ந்துவிட்டார். மளிகைக் கணக்கு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்திலிருந்து பாடங்களை எழுதுவார். எழுதி முடித்ததும் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவார். பிறர் நோட்டைப் பார்க்கக் கூடாது என்பது பயிற்சியின் விதி. ஆனால் பதிவேடு என்று ஒன்று இருக்க, அதைப் பார்க்காமல் இருப்பது என் சுபாவத்திலேயே இல்லை. அவர் கோயிலுக்குப் போன ஒரு சாயங்காலம் எடுத்துப் பார்த்தேன்.

சினப் பக்கத்தில் ஒரே ஒரு பெயர். அது நான் இல்லை. அவருடைய சின்ன வயசுத் தோழி. அதுவும் அடித்து, பக்கத்தில் வாழ்க வளமுடன் என்று எழுதியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இத்தனை வருஷக் குடித்தனத்தில் ஒரு வரிக்குக்கூடத் தகுதி இல்லையா என்றுதான் இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். கவலை ஒழித்தல். கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொல்வார்கள்: அனுபவித்தே தீர வேண்டியவை, அலட்சியம் செய்து ஒதுக்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. முதல் தலைப்பின் கீழ் இரண்டு வரி இருந்தது.

முழங்கால் வலி.

அவர்.

நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தேன். கேட்கவும் முடியாது, கேட்டால் திறந்து பார்த்தது தெரிந்துவிடும். சில வாரம் கழித்து, மாற்றம் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பதற்காக மட்டும், இன்னொரு தடவை எடுத்தேன். முழங்கால் வலி அங்கேயே இருந்தது. 'அவர்' என்பதைப் பென்சிலால் அடித்து, இரண்டாவது தலைப்புக்கு மாற்றியிருந்தார்.

இது ஏற்றமா இறக்கமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வகுப்பில் பொதுவாகக் கேட்கிற மாதிரி அந்த அம்மாவிடம் கேட்டேன்: "அனுபவித்தே தீர வேண்டிய கவலை ஒண்ணு, அலட்சியம் செய்ய வேண்டியதுக்கு மாறிட்டா, அது முன்னேற்றம்ங்களா?"

"பெரிய முன்னேற்றமுங்கய்யா! அவ்வளவு சுலபத்துல வராது. நீங்களா பண்ணுனீங்க?"

"ஆமாங்க" என்றேன்.

உடனே எல்லாரையும் எழுந்து நிற்கச் சொல்லி, ஐயாவை வாழ்த்துங்கள் என்றார். வகுப்பு மொத்தமும் என் பக்கம் கையை உயர்த்தி மூன்று முறை வாழ்த்தியது. பெண்கள் வரிசையில் முதல் ஆளாக நின்றுகொண்டிருந்த என் மனைவியின் குரல்தான் உரக்கக் கேட்டது.