லூப்பர் லெவல் குற்றம்: தொகை, வகை, விரி

ஒரு மிதியில் பதிந்து, மறு மிதியில் பதிந்ததைத் திரும்பத் திரும்ப ஒலிக்கும் பெட்டி லூப்பர் எனப்படும். அதன்கண் தோன்றும் லெவல் குற்றம் தொகையால் ஒன்று: கேட்க வேண்டியது கேட்கவேண்டிய அளவில் கேளாமை. வகையால் நான்கு: நுழைவுக் குற்றம், அடுக்குக் குற்றம், இடக் குற்றம், ஆட்குற்றம்.

நுழைவுக் குற்றம் குறை, மிகை என இருபாற்படும். குறையாவது, பாட்டு மைக்கை நேரே கிட்டார் ஜாக்கில் செருகுதல். மைக் தருவது சில மில்லிவோல்ட். போதவில்லை என்று குமிழைத் திருகத் திருகப் பாட்டோடு இரைச்சலும் ஏறும். நடுவே ப்ரீஆம்ப் வைக்க. பீசோ பிக்கப் பூட்டிய வயலினை 10,000 ஓம் லைன் ஜாக்கில் செருகினால் கீழ்ஸ்தாயி கரைந்து கீச்சுக்குரலே மிஞ்சும். அதற்கு ஒரு மெகாவோம் அளவிலான ஜாக் வேண்டும். இதுவும் லெவல் குற்றமோ எனின், பாதி ஸ்தாயிக்கு மட்டும் நேர்ந்த லெவல் குற்றம் என்க.

மிகையாவது, மிக்சரின் லைன் அவுட்டை அப்படியே பெடலுக்குள் விடுதல். தொழில்முறை லைன் லெவல் +4 டிபியூ, அதாவது சுமார் 1.23 வோல்ட். கிட்டார் பெடல்கள் பலவும் எதிர்பார்ப்பது -20 டிபியூ. இடைவெளி 24 டெசிபெல். வோல்ட்டில் ஏறக்குறைய 16 மடங்கு. டிஜிட்டல் பதிவில் உச்சம் தாண்டிய அலையின் தலை வெட்டப்படும். வெட்டுண்டது பிறகு முளைக்காது. லூப் லெவல் குமிழை இறக்கினால் அதே கரகரப்பு மெல்லக் கேட்கும், அவ்வளவே. ஆயினும் எல்லோர் கையும் முதலில் போவது அந்தக் குமிழுக்குத்தான்!

அடுக்குக் குற்றம் ஓவர்டப்பில் பிறப்பது. சம அளவான, தம்முள் ஒட்டுறவில்லாத இரண்டு அடுக்குகள் சேர்ந்தால் சராசரி 3 டெசிபெல் கூடும். நான்கு சேர்ந்தால் 6, எட்டு சேர்ந்தால் 9. எல்லா அடுக்கும் சமத்தில் ஒருசேர விழும் இடத்தில் உச்சம் இதற்கும் மேலே தாவும். எனவே முதல் அடுக்கை அடக்கியே பதிக. எக்கோபிளெக்ஸ் டிஜிட்டல் புரோ போன்ற பெட்டிகளில் ஃபீட்பேக் குமிழ் உண்டு. சற்றே குறைத்து வைத்தால் சுற்றுக்குச் சுற்று பழைய அடுக்கு தேய்ந்து புதியதற்கு இடம்விடும். ராபர்ட் ஃபிரிப்பும் பிரையன் ஈனோவும் 1970களில் இரண்டு டேப் ரெக்கார்டருக்கு இடையே நாடாவை ஓட்டி இவ்வாறே அடுக்கினர். பழைய ஒலி படிப்படியாக மங்குவதே அந்த இசையின் அழகு.

இடக் குற்றமாவது, லூப்பரை ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தல். லூப் தனியே ஓடும்போது குறையொன்றுமில்லை. மேலே சோலோ வாசித்ததும் இரண்டும் ஒரே ஓவர்டிரைவில் நசுங்கி, லூப் பதுங்கும். கை ஓய்ந்ததும் மறுபடி எழும். பெடல் பழுது என்று கடைக்குத் தூக்கிப் போவாரும் உளர். லூப்பரைப் பின்னால் மாற்றுக. ஓவர்டிரைவ் ஆம்பிலேயே பிறப்பதாயின் அதன் சென்ட், ரிட்டர்ன் நடுவே வைக்க. ஆனால் சில ஆம்புகளின் சென்ட் லைன் லெவலில் வருவதால், மேற்சொன்ன மிகை அங்கே மறுபிறவி எடுக்கும்.

எக்குற்றம் என்று தெளியாதார் மற்றப் பெடல்களையெல்லாம் கழற்றி, கிட்டார், லூப்பர், ஓவர்டிரைவ் இல்லாத ஆம்ப் மூன்றை மட்டும் இணைத்து ஒரு கார்டைப் பதிக. லூப் லெவலை ஏற்றி இறக்கிப் பார்க்கையில் நேரடி ஒலியும் லூப்பும் ஓரிடத்தில் ஒத்தால் பெட்டி நிரபராதி. பிறகு கழற்றியவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்க.

ஆட்குற்றமாவது, ரிதத்தை கிட்டார் வால்யூம் பத்தில் அடித்துப் பதிந்துவிட்டு, சோலோ எடுபடவில்லை என்று லூப்பரைத் திட்டுதல். ரிதத்துக்கு ஏழு, சோலோவுக்குப் பத்து. இதன் விரி மிகப் பெருகுமாதலின் விடுக்கப்பட்டது.