சனியா, ஞாயிறா?

சிவனே பெரியவர் என்றான் சங்கன்; திருமாலே என்றான் பதுமன். இறைவன் பாதி அரன், பாதி அரியாக நின்றதும் இரண்டு நாகங்களின் வழக்கும் முடிந்தது என்கிறது சங்கரன்கோவில் தலபுராணம்.

ஓய்வுநாள் வழக்கில் கிறிஸ்தவர்களுக்கு அந்த வசதி இல்லை. சனியையும் ஞாயிற்றையும் ஒரே நாளில் பாதிப்பாதியாக நிறுத்த முடியுமா?

சங்கரன்கோவில் இருக்கும் அதே திருநெல்வேலிச் சீமையில், நாசரேத்துப் பக்கம், அருமைநாயகம் சட்டாம்பிள்ளை 1857-இல் மிஷனரிகளை விட்டு விலகி ‘இந்து கிறிஸ்தவ சபை’ கண்டார். அவருடைய சமூகத்தைப் பற்றி மிஷனரி கால்டுவெல் 1849-இல் எழுதிய நூல் மூட்டிய கோபமும் அதில் உண்டு. ஓய்வுநாள் சனிதான், வழிபாட்டில் தூபம் காட்டலாம், வெள்ளைக்காரர் வழக்கமெல்லாம் வேதமாகிவிடாது என்றார் சட்டாம்பிள்ளை. ஆதாரம்? பழைய ஏற்பாடு.

பைபிளைக் கையில் கொடுத்தவர்கள் மிஷனரிகள்தான். லேவியராகமம் வரை ஒருவர் அக்கறையாகப் படிப்பார் என்று எதிர்பார்க்கவில்லை போலும்.