பங்குச் சந்தை: கேள்வி-பதில்

என் மைத்துனருக்குப் போன வருஷம் 30 சதவீதம் லாபமாம். எனக்கு 11தான். எங்கே தப்பு செய்தேன்? (ஈரோடு வாசகர்)

30 சதவீதம் எதன் மேல் என்று கேட்டீர்களா? ஜெயித்த நாலு பங்கை மட்டும் கூட்டியிருந்தால் யாருக்கும் 30 வரும். தோற்றவை, போட்ட மொத்தப் பணம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மாதாமாதம் போட்டவர் என்றால், ஒவ்வொரு தவணையும் போட்ட தேதியையும் கணக்கில் எடுக்கும் எக்ஸ்ஐஆர்ஆர் முறையில். நீங்கள் ஒப்பிட வேண்டியது மைத்துனரோடு அல்ல, நிஃப்டியோடு. அதுவும் டிவிடெண்டையும் சேர்த்த குறியீட்டோடு. மியூச்சுவல் ஃபண்டுகளுக்கே 2018 முதல் செபி அதைத்தான் கட்டாயமாக்கியிருக்கிறது.

2008இல் சென்செக்ஸ் 52 சதவீதம் விழுந்தது. 2009இல் 81 சதவீதம் ஏறியது. ஆக, 29 சதவீதம் லாபம்தானே?

100 ரூபாயை வைத்துப் பாருங்கள். முதல் வருஷம் 48 ஆனது. 48க்கு 81 சதவீதம் ஏறினால் 87. லாபம் எங்கே? பாதி போனால், திரும்பி வர நூறு சதவீதம் ஏற வேண்டும். ஓய்வுப் பணம் முழுவதையும் பங்கில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுவது இதனால்தான்.

சந்தை ஆடும்போது தினமும் பார்க்கலாமா?

2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் சரிந்தது. அந்த வருஷக் கடைசியிலோ, தொடங்கிய இடத்தைவிடச் சுமார் 15 சதவீதம் மேலே நின்றது. டிசம்பரில் மட்டும் பார்த்தவருக்கு மார்ச் நடந்ததே தெரியாது. மார்ச்சில் பயந்து விற்றவருக்கு?