மீனுக்குக் கொடுத்த காசு

கேள்வி: ஆய்வுக் கட்டுரையைச் சக அறிஞர்கள் படித்து ஒப்புதல் தந்த பிறகே அச்சிடும் வழக்கம் எப்போது வந்தது?

பதில்: 1665 மார்ச்சில் லண்டனில் 'ஃபிலசாஃபிக்கல் டிரான்ஸாக்‌ஷன்ஸ்' இதழை ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கியபோது, எதைப் போடுவது என்பது அவர் ஒருவரின் முடிவு. வெளிநாட்டு அறிஞர்களுக்கு ஓயாமல் கடிதம் எழுதினார். 1667-இல், டச்சுப் போர் நேரத்தில், அந்தக் கடிதங்களே சந்தேகத்தைக் கிளப்ப, அவரை லண்டன் கோபுரச் சிறையில் அடைத்துவிட்டார்கள். விடுதலையானதும் நேரே இதழ் வேலைக்குத் திரும்பினார். அந்த ஆசிரியருக்குக் கோயிலே கட்டலாம்!

1752-இல் லண்டன் அறிஞர் சபையான ராயல் சொசைட்டி அந்த இதழைத் தன் பொறுப்பில் எடுத்து, கட்டுரைத் தேர்வுக்குக் குழு அமைத்தது. எழுத்து மூலமான மதிப்பீட்டு அறிக்கை 1830-களில்தான் வந்தது. யோசனை சொன்னவர் வில்லியம் ஹ்யூவெல். முதல் அறிக்கையிலேயே அவருக்கும் உடன் மதிப்பிட்ட ஜான் லப்பக்குக்கும் ஒத்துவரவில்லை. ஹ்யூவெல் கட்டுரையின் பெருமையைச் சொல்ல விரும்பினார். லப்பக் பிழைகளைத் தேடினார். மதிப்பீட்டுக்கு அந்த இரண்டு கண்ணும் வேண்டும்.

கேள்வி: அறிஞர் சபை எப்போதும் நல்ல நூலைத்தான் தேர்ந்தெடுக்குமா?

பதில்: 1686-இல் அதே ராயல் சொசைட்டி, பிரான்சிஸ் வில்லபியின் மீன்கள் பற்றிய படப் புத்தகத்துக்குப் பணத்தைக் கொட்டியது. புத்தகம் விற்கவில்லை, கஜானா காலி. அடுத்து வந்து நின்றது நியூட்டனின் 'பிரின்சிபியா'! எட்மண்ட் ஹாலி சொந்தக் காசு போட்டு 1687-இல் அதை வெளிக்கொண்டு வந்தார். ஹாலிக்குத் தர வேண்டிய சம்பளத்துக்குப் பதிலாகச் சபை கொடுத்தது, விற்காத மீன் புத்தகங்களை. தவறைப் பிடிக்க மதிப்பீட்டாளர் கட்டாயம் வேண்டும். நல்லதைத் தூக்கி நிறுத்த ஹாலியும் வேண்டும்.