உள்ளீட்டு ரேஞ்ச் வைத்தல்: கெப்பாலா பத்தாஸ் நோக்கில் ஒரு திறனாய்வு

சிக்னல் அனலைசரில் உள்ளீட்டு ரேஞ்ச் வைப்பதைப் பற்றித் தமிழாய்வுலகம் காத்துவரும் மௌனம் வெட்கத்துக்குரியது. 1966இல் கோலாலம்பூரில் கூடிய முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் குறை சொல்வதற்கில்லை. ஹியூலட் பேக்கார்ட் நிறுவனம் பினாங்குக்கு வந்ததே 1972இல்தான். அதன் அளவைக் கருவித் தொழில் 1999இல் அஜிலென்ட் என்றும் 2014இல் கீசைட் என்றும் பெயர் மாறிய பிறகும் வாய் திறக்காத கருத்தரங்குகளுக்கு என்ன சமாதானம்? தொழிற்சாலை பாயான் லெப்பாஸில் இருக்க, ஆய்வுக் களம் கெப்பாலா பத்தாஸ் ஆனது ஏன் என்று சிலர் கேட்பர். நடுவே கடல் கிடக்கிறது, அதன்மேல் 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பாலம் கிடக்கிறது என்பதெல்லாம் மேம்போக்கான வாதம். பாயான் லெப்பாஸில் பிறந்த அப்துல்லா அகமது படாவி 1978 முதல் 2013 வரை கெப்பாலா பத்தாஸின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். ரேஞ்ச் பற்றிய சிந்தனையும் அதே வழியில் கரை கடந்திருக்கும் என்பது என் துணிபு. இதற்கு மேலும் சான்று கேட்பவரைப் புறத்தேர்வாளராகப் போடக்கூடாது.

இனி பொருளுக்கு வருவோம். அனலைசருக்குள் இருக்கும் ஏடிசி, உள்ளே வரும் வோல்டேஜை எண்ணாக மாற்றுகிறது. 16 பிட் ஏடிசி என்றால் அதனிடம் இருப்பவை 65,536 படிகள். கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அந்தப் படிகளை எத்தனை வோல்ட்டுக்குப் பங்கிடுவது என்று சொல்வதே ரேஞ்ச். ஒரு வோல்ட் சிக்னலுக்குப் பத்து வோல்ட் ரேஞ்ச் வைத்தால் பத்தில் ஒரு பங்குப் படிதான் வேலை செய்யும். 20 டெசிபெல் நட்டம், அதாவது மூன்று பிட்டுக்கு மேல் வீண். மெல்லிய சிக்னல்கள் கருவியின் சொந்த இரைச்சலுக்கு அடியில் போய்விடும். ரேஞ்சைச் சுருக்கி வைத்தாலோ அலையின் தலை சீவப்பட்டுத் தட்டையாகும். 1,000 ஹெர்ட்ஸில் சுத்தமான சைன் அலையைக் கொடுத்திருப்போம். திரையில் 3,000த்திலும் 5,000த்திலும் கோடுகள் எழும்பி நிற்கும். அவை சிக்னலில் இல்லாதவை, கருவியே பெற்றெடுத்தவை. தானே உண்டாக்கிய சான்றைத் தானே கண்டுபிடித்து வியக்கும் இம்முறை, ஏடிசி தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே நம் கல்விப்புலத்தில் வேரூன்றிவிட்டது.

ஆகவே உச்சத்துக்குச் சற்று மேலே ரேஞ்ச் வை என்பதே விதி. பட்டறையில் இதை ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஆய்வுலகில் அவ்வளவு எளிதாகச் சொல்லப்படுவது உண்மையாக இருக்க முடியாது. எனவே ரேஞ்ச் வைப்போரை வள்ளல்கள், கஞ்சர்கள் என இரு மரபினராக வகுக்கிறேன். வள்ளல்கள் பெரிதாக வைப்பர். கஞ்சர்களைப் பற்றி எழுத இடமில்லை.

ஏனெனில் எண்ணிக்கைச் சிக்கல் காத்திருக்கிறது. ஹெச்பி 35670ஏ என்னும் அனலைசரில் ரேஞ்ச் 27 டிபிவியில் தொடங்கி, இரண்டிரண்டு டெசிபெல்லாக இறங்கி, மைனஸ் 51 டிபிவியில் முடிகிறது. உச்ச அளவில் சொன்னால் 31.7 வோல்ட்டிலிருந்து ஏறத்தாழ 4 மில்லிவோல்ட் வரை. எண்ணிப் பார்த்தால் 40 நிலைகள். ஒரு மண்டலத்துக்கோ 48 நாள். எஞ்சிய எட்டு எங்கே? பொறியாளர்கள் அப்படி எட்டு ஒருபோதும் இருந்ததே இல்லை என்பார்கள். இருந்ததே இல்லாத ஒன்று இத்தனை துல்லியமாக எட்டு என்ற எண்ணிக்கையில் காணாமற் போகுமா? கடல் கொண்டது என்பதே நம் துறையின் மரபான விடை. அதுவும் பினாங்கில் கடலுக்குப் பஞ்சமா? இது குறித்து விரிவாக அறிய, இன்னும் எழுதப்படாத என் ஆய்வேட்டின் 4ஆம் இயலைக் காண்க. அவ்வியலை மறுத்து நானே எழுதவிருக்கும் கட்டுரையையும், அம்மறுப்புக்கு என் மாணவர் எழுத, அவர் பெயருக்கு முன்னால் என் பெயர் அச்சாகவிருக்கும் பதிலையும், இம்மூன்றையும் தொகுத்து என் மணிவிழா மலரில் வரவிருக்கும் முன்னுரையின் 17ஆம் அடிக்குறிப்பையும் ஒப்புநோக்குக. எழுதப்படாத நூலில் இதுவரை எவரும் பிழை கண்டதில்லை.

ஆட்டோ ரேஞ்ச் பொத்தான் இருக்கையில் ஆராய்ச்சி எதற்கு என்பது அடுத்த தடை. அப்பொத்தான், தான் பார்க்கும் நேரத்தில் வருவதைத்தான் அறியும். சுத்தியலால் தட்டி அதிர்வு அளக்கும் சோதனையில், தட்டுக்கு முந்தைய அமைதியைப் பார்த்து அது ரேஞ்சை இறக்கி வைத்திருக்கும். தட்டு விழுந்ததும் ஓவர்லோட். அதனால்தான் அனுபவஸ்தர்கள் இரண்டொரு தட்டு வெள்ளோட்டம் விட்டு, ரேஞ்சைக் கையால் பூட்டிவிட்டு அளக்கிறார்கள். இன்னொரு தடை சற்றுக் கனமானது: திரையில் ஒன்றுமே இல்லை, ஆனாலும் ஓவர்லோட் விளக்கு எரிகிறதே, இது கருவிக் கோளாறுதானே? அல்ல. திரை காட்டுவது நாம் கேட்ட அலைவரிசைத் துண்டை மட்டும். உள்ளீட்டுச் சுற்றோ அந்தத் துண்டுக்கு வெளியே இரைவதையும் சேர்த்தே வாங்குகிறது. அங்கே ஒரு பெருஞ்சிக்னல் வந்தால் ரேஞ்ச் நிரம்பிவிடும், திரை வெறுமையாகவே இருக்கும். தன் துறைக்கு வெளியே உள்ளவற்றாலேயே நிரம்பி வழிந்து, தன் துறையில் காட்ட ஒன்றுமில்லாமல் நிற்கும் இந்நிலைக்கு நம் பல்கலைக்கழகங்களில் பதவி உயர்வு உண்டு. அனலைசரில் அதற்கு மருந்து இரண்டுதான்: வெளிச்சிக்னலை முன்னாலேயே ஃபில்டர் போட்டுத் தடுங்கள், முடியாவிட்டால் விளக்கு அணையும்வரை ரேஞ்சை ஏற்றுங்கள்.