கொல்லிமலையில் டவர்: தோற்றமும் மறைவும் – ஓர் ஆய்வு

இப்பொருளை இதற்கு முன் எவரும் ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. எனவே இங்கே ஓர் ஆய்வு இடைவெளி இருக்கிறது. ஆராய ஒன்றுமில்லாததால்தான் யாரும் ஆராயவில்லையோ என்ற ஐயத்தைப் பல்கலைக்கழகங்கள் எப்போதோ கைவிட்டுவிட்டன. நான் மட்டும் எதற்கு அதைச் சுமந்துகொண்டு மலையேற வேண்டும்?

ஆய்வுக் களம்: நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை. எல்லை: காரவள்ளி அடிவாரம் முதல் அறப்பளீஸ்வரர் கோயில் வரை. காலம்: இரண்டு பகல், ஓர் இரவு. கருவிகள்: வெவ்வேறு நிறுவனங்களின் சிம் போட்ட செல்போன்கள் இரண்டு; வீட்டிலேயே மறந்து வைத்த சார்ஜர் ஒன்று. நோக்கம்: வீட்டில் அனுப்பச் சொன்ன ஒரே ஒரு போட்டோவை அனுப்புதல்.

முதலில் முன்னோர் கருத்து. "மலை மேல போனா டவர் நல்லா கிடைக்கும், உயரத்துலதானே இருக்கோம்" என்பது பெருவழக்கு (பக்கத்து இருக்கைக்காரர், வாய்மொழி, 9-ஆம் வளைவு). காரவள்ளியிலிருந்து மேலே கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். மேற்கோள் காட்டுவதற்கு இவ்வளவு வசதியான மலை தமிழ்நாட்டில் வேறில்லை. அதே அறிஞர் 31-ஆம் வளைவில் தம் கருத்தைக் கைவிட்டார். 32-இல் காலை உணவையும் கைவிட்டார்.

அடுத்து, கோடுகள். செல்போனின் மேல் மூலையில் ஏறி இறங்கும் அந்த நான்கு கோடுகளை நாம் அறிவியல் என்று நம்புகிறோம். இத்தனை அலைக்கு இத்தனை கோடு என்று உலகப் பொதுவான விதி எதுவும் கிடையாது. போன் தயாரிக்கிறவர் வைத்ததே கணக்கு. 2010-இல் ஆப்பிள் நிறுவனமே தன் ஐபோனில் கோடு போடும் சூத்திரம் முற்றிலும் தவறு என்றும், உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவந்தது என்றும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. தான் போட்ட கணக்கு தவறென்று எழுதிக் கையெழுத்திட்ட ஆய்வாளர் எவரையும் தமிழ்த்துறை வட்டாரத்தில் நான் சந்தித்ததில்லை. ஆகவே இச்செய்தியைச் சற்று அழுத்தியே பதிவு செய்கிறேன்.

இனி இக்கட்டுரையின் உயிர்நிலையான சொல்லாய்வு. "டவர் இல்ல" என்று ஒருவர் சொன்னால் இரும்புக் கம்பத்தை யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பொருளல்ல. அலை வரவில்லை என்று பொருள். கம்பத்தின் பெயர் அலைக்கு ஆகி வந்திருக்கிறது. ஆகவே இது ஆகுபெயர். இதுவரை சண்டையில்லை. எந்த ஆகுபெயர்?

பள்ளிக்கூடத்தில் உருப்போட்ட பதினாறில் இது இடவாகுபெயர் என்பது முதல் கட்சி. "ஊர் சிரித்தது" என்றால் ஊரிலுள்ள மக்கள் சிரித்தார்கள். அதுபோல டவர் என்றால் டவரிலுள்ள அலை (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், ஜன்னலோரம், 22-ஆம் வளைவு). இதற்கு மறுப்பு: சிரிக்கிற மக்கள் ஊரில் இருந்தாக வேண்டும், அலையோ டவரைவிட்டுப் புறப்பட்டால்தான் அலை. அங்கேயே தங்கிவிட்டால் நமக்கு அதனால் என்ன பயன்? (எதிர் இருக்கை, பெயர் சொல்ல மறுத்தவர், 23-ஆம் வளைவு.) அப்படியானால் கருவியாகுபெயர், அலையை உண்டாக்கும் கருவியின் பெயர் அலைக்கு ஆயிற்று (மேற்படி தமிழாசிரியர், தம்மைத் தாமே மறுத்து, 35-ஆம் வளைவு, எலுமிச்சம்பழத்தை முகர்ந்தபடி). தானியாகுபெயரா என்றும் பார்த்தார்கள். "பாலை இறக்கு" என்றால் பால் பாத்திரத்துக்கு ஆகிறது, அதாவது உள்ளிருப்பது வெளியிருப்பதற்கு. இங்கே வெளியிருப்பது உள்ளிருப்பதற்கு. வளைவில் எதிர்ப்புறம் ஏறி வந்த லாரிபோல அது அப்படியே பின்வாங்கிக்கொண்டது.

மிஞ்சியது கருத்தாவாகுபெயர். "கம்பனைப் படித்தேன்" என்பதில் இயற்றியவன் பெயர் நூலுக்கு ஆவதுபோல, அலையை இயற்றிய டவரின் பெயர் அலைக்கு. கம்பன் இன்று இல்லை, அவன் நூல் கிடைக்கிறது. டவர் இல்லாத இடத்தில் டவர் கிடைக்குமா? கிடைக்கும் என்பதே என் கள ஆய்வின் தலையாய கண்டுபிடிப்பு. சீக்குப்பாறைக் காட்சிமுனையில் கண்ணுக்கு எட்டிய வரை கம்பமே இல்லை. கோடுகளோ நான்கும் நிமிர்ந்து நின்றன. கீழே சமவெளியில் எங்கோ நிற்கும் கம்பத்துக்கும் எனக்கும் நடுவே மறைப்பு எதுவும் இல்லை. வானலை நேர்கோட்டுப் பிரியர், வந்துவிட்டது. (முழுக் குறிப்பு: மேற்படி தமிழாசிரியர், சோளக்காடு பஸ் நிறுத்தம், டீக்கடை பெஞ்சுப் பதிப்பு, முதல் கிளாஸ், இரண்டாம் கிளாஸில் திருத்தப்பட்டது, பஜ்ஜி வந்ததும் இரு கட்சியும் கொள்கையைக் கைவிட்டன, பஜ்ஜிக்கு யார் காசு கொடுத்தது என்பதில் பாடபேதம் உண்டு, மூலச்சுவடியை எண்ணெய் அரித்துவிட்டது.)

நான்கு கோடு நின்றும் போட்டோ போகவில்லை. இங்கேதான் கொல்லிப்பாவை வருகிறாள். சங்கப் பாடல்கள் அவளை அழகுக்கு உவமையாகப் பாடின. சிரித்து மயக்கிக் கொல்லும் பதுமை என்பது மலையில் வழங்கும் கதை. என் நான்கு கோடுகளும் அப்படிச் சிரித்தவைதான். போட்டோ போகாததற்கு இயற்பியல் விளக்கம் எளிது. கம்பம் பேசுவது பல பத்து வாட் ஆற்றலில். நம் கையிலிருக்கும் போன் அதிகபட்சம் கத்தினாலும் பொதுவாகச் சுமார் 0.2 வாட். கம்பம் சொல்வது நமக்குக் கேட்கிறது. நாம் சொல்வது கம்பத்துக்கு எட்டுவதில்லை. கோடுகள் காட்டுவது அது பேசுவதை மட்டுமே. போதாக்குறைக்கு, ஒரு கம்பத்தில் எத்தனை பேர் தொங்குகிறார்கள் என்பதையும் கோடு சொல்லாது. ஆடி 17, 18-இல் வல்வில் ஓரி விழாவுக்கு வந்து, செம்மேட்டுக் கூட்டத்தில் நின்று நேரலை போட முயன்றவரைக் கேட்டால், பாவையின் சிரிப்புக்கு நச்சினார்க்கினியரும் எழுதாத உரை எழுதுவார்.

ஆகாய கங்கை அருவி: ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். டவர் இல்லை.

ஏன் இல்லை என்பதற்கு ஒரு வரி சேர்க்கலாம். அருவி விழுவது பள்ளத்தில். மலைத்தோள் மறைத்தால் அங்கே அலைக்கு நிழல். 700 மெகாஹெர்ட்ஸ் அலை முகட்டில் கொஞ்சம் வளைந்து இறங்கும், 2300 மெகாஹெர்ட்ஸ் அவ்வளவு இறங்காது. ஈர இலையும் தன் பங்கைக் குடித்துவிடும். மலையில் டவர் என்பது உயரத்தைப் பொறுத்ததல்ல, எதைப் பார்த்து நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. பக்கத்து இருக்கை அறிஞர் 9-ஆம் வளைவில் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

மலையை ஆண்ட ஓரியை விட்டுவிட்டுக் கொல்லிமலையைப் பற்றி எழுதினால் கட்டுரை திரும்பி வந்துவிடும். எனவே: அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி என்று துளைத்துக்கொண்டு போய்ப் புற்றிலிருந்த உடும்பில் தைத்து நின்றதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார். தங்கிய அறையில் கட்டிலில் கிடந்த என் போன்தான் அந்த உடும்பு. ஆனால் என்னை நோக்கிப் புறப்பட்ட அலைக்கு யானை வரை போக வேண்டியிருக்கவில்லை. வழியில் ஒரு பலா மரம் போதுமாயிருந்தது. இதைக் கொண்டு ஓரியின் அம்பு தாழ் அதிர்வெண்ணைச் சேர்ந்தது என்று நிறுவி ஒரு கருத்தரங்குக்கு அனுப்பலாம் என்றிருக்கிறேன். வாசிக்க மூன்று நிமிடம் தருவார்கள், குழுப்படத்துக்கு முப்பது நிமிடம். பிறகு ஐ.எஸ்.பி.என். எண்ணோடு, செங்கல் கனத்தில் ஆய்வுக்கோவை ஒன்று வரும். அதில் என் கட்டுரையை என் நெறியாளரும், அவர் கட்டுரையை நானும் மேற்கோள் காட்டியிருப்போம்.

ஒன்றை மட்டும் கேலியில்லாமல் சொல்லிவிடுகிறேன். 2021-இல் இதே நாமக்கல் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆலமரத்தில் ஏறிக் கிளையில் உட்கார்ந்து ஆன்லைன் வகுப்பு கேட்டது செய்தியாக வந்தது. எந்தக் கிளையில் எந்தப் பக்கம் திரும்பினால் பாடம் அறுபடாது என்று அவர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். இத்துறையில் அதுவே முதல்நூல். இந்தக் கட்டுரை வழிநூல்கூட இல்லை, சார்புநூல்.

டவர் தேடுவோர் நிற்கும் கோலங்களை விரித்துரைக்க இடமில்லை. கை தூக்கி நிற்போர், ஏரோபிளேன் மோடு போட்டு எடுப்போர், போனை ஆட்டிப் பார்ப்போர், சாமி கும்பிடுவோர் என நால்வகை. இரண்டாம் வகையாருக்குச் சில சமயம் பயனுண்டு. போன் பழைய கம்பத்தை மறந்து புதிதாகத் தேடும்.

இறுதிக் கள ஆய்வு இரண்டாம் நாள் மாலை, சாலையோரத்தில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் விற்ற கடையில் நிகழ்ந்தது. குடித்தாயிற்று. பையில் சில்லறை இல்லை. பலகையில் கியூ.ஆர். ஒட்டியிருந்தது. ஸ்கேன் செய்தேன், சுற்றியது. ஓரி காட்டில் வேட்டையாடிக்கொண்டிருந்தபோதே புலவருக்கு இறைச்சியும் பொன்னும் மணியும் கொடுத்தனுப்பியவன். அவனுக்குச் சர்வர் தேவைப்படவில்லை. இணையமே இல்லாமல் *99# போட்டுப் பணம் அனுப்பலாம் என்று படித்தது நினைவுக்கு வந்தது. போட்டேன். அதற்கு இணையம் வேண்டாம், டவர் வேண்டும். நான் கை தூக்கி நின்று பார்த்தேன், போனை ஆட்டிப் பார்த்தேன், நான்காம் வகைக்கும் தயாரானேன்.

கடைக்கார அம்மா அடுப்பிலிருந்து தலை தூக்காமலே சொன்னார்: "அங்க நின்னா வராதுங்க சார். பலா மரத்துக்கு இந்தப் பக்கமா வந்து, ரோட்டப் பாத்து நில்லுங்க."

நாலடி நகர்ந்து நின்றேன். டிங் என்றது.

"டவர் வந்துருச்சுங்களா?"

இடமா, கருவியா, கருத்தாவா என்று அப்போது தோன்றவில்லை. "வந்துருச்சும்மா" என்றேன். சூப்புக் காசு போய்விட்டது. வீட்டுக்கு அனுப்பிய போட்டோ இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.